எங்கள் வீட்டில் மூன்று லேசர்

"உங்க மாமாவுக்குப் பண்ணின அதே லேசர்தானேம்மா? காலையில போய்ட்டு மத்தியானம் சோத்துக்கு வந்துட்டாரே!" என்றார் மாமியார்.

2023 ஜூலை மாதம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்னறை. திரையை இழுத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துண்டுடன் படுத்திருந்தேன். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் தாரை தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டு அம்மியில் அரைப்பது போல இருந்தது. மாமியாருக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

எங்கள் வீட்டில் எனக்கு முன்பே இரண்டு பேர் கண்ணுக்கு லேசர் செய்துகொண்டவர்கள். மாமியாருக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று. என்னுடையது மூன்றாவது. மூன்றுக்கும் வீட்டில் ஒரே பெயர்தான். ஆனால் மூன்றும் கண்ணின் வேறு வேறு இடத்தில், வேறு வேறு கருவியால், வேறு வேறு காரணத்துக்காகச் செய்த வேலைகள். இது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. கிட்டத்தட்ட ஒரு தப்பான முடிவுக்குக் கையெழுத்துப் போடப் பார்த்து, கடைசி நேரத்தில் திரும்பி வந்தவள் நான்.

மாமியாருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. அது கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையைக் கெடுக்க ஆரம்பித்திருந்தது. அங்கே புதிதாக முளைக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிந்து பார்வையைப் பறித்துவிடாமல் இருக்க, விழித்திரையின் ஓரங்களில் லேசரால் புள்ளி புள்ளியாகச் சூடு வைத்தார்கள். அது இருக்கிற பார்வையைக் காப்பாற்றுவதற்குத்தான், கூட்டுவதற்கு இல்லை. "லேசர் பண்ணியும் கண்ணாடி போகலையே" என்று அவர் இன்றுவரை குறைப்படுவது இதைப் பிரித்துப் பார்க்காததால்தான்.

மாமனாருக்கு இருந்தது கண்புரை. அந்த ஆபரேஷனையே ஊரெல்லாம் 'லேசர்' என்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அங்கே புரையை உடைத்து உறிஞ்சுவது அல்ட்ராசவுண்ட் அதிர்வு, லேசர் அல்ல. உடைத்து எடுத்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, லென்ஸின் பின்னால் இருக்கும் மெல்லிய உறை மங்கிப்போனது. அதில் ஒரு சின்ன வழி திறந்துவிடத்தான் 'யாக்' லேசர். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கருவியில் தாடையை வைத்துக்கொண்டு, சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. சோற்றுக்கு வந்த லேசர் அதுதான்.

என்னுடையது கண்ணின் முன்பக்கத்து வேலை. கருவிழிக்கு மேல் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான கவசம் இருக்கிறதே, கார்னியா, அதன் வளைவைச் செதுக்கிக் கண்ணாடியின் பவரைக் கண்ணிலேயே இறக்கிவிடுவது.

ஏன் செய்துகொள்ளத் தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சிவகங்கைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தேன். டர்பனில் ஒரு மசாலாக் கடையில் கணக்கு எழுதும் வேலை. மாமியாரையே தீர்த்துக்கட்டும் மசாலா என்று ஒன்றுக்குப் பெயர் வைத்து விற்கிற ஊர் இது. மிளகாய்த் தூள் மிதக்கும் காற்றில் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். ஒருநாள் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் லென்ஸைக் கழற்றினேன். அப்படியும் விரலில் ஒட்டியிருந்த காரம் கண்ணில் ஏறியது. அன்றைக்கு முடிவு செய்ததுதான். கண்ணாடி போடலாமே என்பீர்கள். என்னுடையது சோடாபுட்டிக் கண்ணாடி. அதற்கு வேறு பெயர் கிடையாது.

முதலில் போனது விளம்பரம் பார்த்து. இலவசப் பரிசோதனை, சனிக்கிழமை. லென்ஸை அங்கேயே கழற்றச் சொல்லி, அரை மணி நேரத்தில் எல்லாம் அளந்துவிட்டு, "நீங்கள் லேசிக் என்ற லேசர் முறைக்குத் தகுதியானவர்" என்றார் ஒரு பெண். அவர் டாக்டர் அல்ல, ஆலோசகர். மாத முடிவுக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். பார்வை 100 சதவீதம் ஆகிவிடுமாம். கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் இருந்த எழுத்துகளில் என் பெயரைத் தவிர எனக்கு எதுவும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தபோது, மாமியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்துப் பதறினார். "ஐயோ, நூத்தி அறுபத்தஞ்சு போட்டிருக்கே! சுகரா?"

சுகர் இல்லை. அது அச்சு. கண்ணாடிச் சீட்டில் மூன்று எண்கள் வரிசையாக இருக்கும். முதலாவது ஸ்ஃபியர், அதாவது அடிப்படைப் பவர். எனக்கு வலது கண்ணில் மைனஸ் 5.25. மைனஸ் என்றால் கிட்டப்பார்வை. இந்தச் சொல்லே பள்ளிக்கூடத்தில் என்னைக் குழப்பியது, கிட்டத்தில் இருப்பது தெரியாத நோய் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. கிட்டத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு கிட்டம் என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிடும். ஒரு மீட்டரைப் பவரால் வகுத்தால் போதும். எனக்கு 19 சென்டிமீட்டர். மகனின் ஸ்கேலை மூக்கருகே வைத்து, கண்ணாடி இல்லாமல் செய்தித்தாளை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் எழுத்து கலைய ஆரம்பித்தது. எனக்கே ஆச்சரியம்.

இரண்டாவது எண் சிலிண்டர். கார்னியா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாமல், ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளைந்திருந்தால் வரும் பிழை. இந்த ஊரில் இதற்கு ரக்பிப் பந்தை உதாரணம் சொல்வார்கள். எனக்கு அகப்பையின் முதுகு என்றால்தான் புரிகிறது. மூன்றாவது எண்தான் மாமியாரைப் பயமுறுத்திய அச்சு. அந்த வளைவு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதை 1 முதல் 180 வரையான கோணமாகச் சொல்வது. அது அளவு அல்ல, திசை. 175 என்பதால் கண் மோசம் என்றும் 5 என்பதால் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. சொல்லப்போனால் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் திசைகள்.

'ஓடி' என்றால் வலது கண், 'ஓஎஸ்' என்றால் இடது. லத்தீனாம்.

வழக்கமாக நான் கண்ணாடி வாங்கும் கடையில் கண்ணை அளந்து பவர் எழுதித் தரும் ஆப்டோமெட்ரிஸ்டிடம் அந்தத் தாளைக் காட்டினேன். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "லென்ஸை எத்தனை நாள் முன்னாடி கழட்டினீங்க?" அன்றைக்குக் காலையில்தான் என்றேன். தாளை மடித்துத் திருப்பித் தந்துவிட்டார். காண்டாக்ட் லென்ஸ் கார்னியாவின் மேல் உட்கார்ந்து அதன் வடிவத்தையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும், காற்று சரியாகக் கிடைக்காமல் அது லேசாக வீங்கியும் இருக்கலாம், அதை அளந்து செதுக்கினால் தப்பான கண்ணுக்குத் தைத்த சட்டை மாதிரிதான் என்றார். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்று இரண்டு வாரம், கெட்டியானது என்றால் அதைவிட நீண்ட நாள் போடாமல் இருந்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். அவர் சொன்ன கண் மருத்துவர் என்னை மூன்று வாரம் சோடாபுட்டியோடு அலையவிட்டார். பிறகு அளந்தபோது அச்சு 165-லிருந்து 175 ஆகியிருந்தது. கார்னியாவின் தடிமன் 512-லிருந்து 498 ஆகியிருந்தது.

அந்தத் தடிமன்தான் எல்லாவற்றையும் தீர்மானித்த எண். அளவு மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நடுவில் 540 வாக்கில் இருப்பது சராசரி. என்னுடையது கொஞ்சம் மெலிவு. டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் கூட்டிக் கழித்துக் காட்டினார். மசாலாக் கடைக் கணக்குப்பிள்ளைக்கு அதுதான் சரியான மொழி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போல.

லேசிக் என்றால் முதலில் கார்னியாவின் மேல் மெல்லிய மூடி ஒன்றை வெட்டி, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது போலத் திருப்பி வைப்பார்கள். அந்த மூடியை ஃப்ளாப் என்கிறார்கள். அதற்கு 110 மைக்ரான் போகும். உள்ளே இருக்கும் சதையை லேசரால் செதுக்க, ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான். சிலிண்டரையும் சேர்த்தால் எனக்கு ஏறக்குறைய 88. ஆக 198. மீதி 300. அடியில் குறைந்தது 250 மிச்சம் இருக்க வேண்டும் என்ற பழைய கணக்குப்படி எனக்குச் செய்யலாம். ஆனால் 498-இல் 198 என்றால் 40 சதவீதத்தைத் தொடுகிறது. கார்னியாவில் அவ்வளவு பங்கைக் கலைத்தால், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் அது காலப்போக்கில் முன்னால் பிதுங்கும் ஆபத்து கூடும். அதற்கு எக்டேசியா என்று பெயர். அப்படிப் பிதுங்கினால் கண்ணாடி போட்டும் சரியாகாத பார்வை. இயற்கையாகவே கார்னியா கூம்பு மாதிரி பிதுங்கும் நோய் கெரடோகோனஸ், அது இருப்பவர்களுக்கு லேசிக் கூடவே கூடாது. கண்ணை ஓயாமல் கசக்குகிறவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். டோபோகிராஃபி என்று வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் எடுக்கிறார்களே, அது முக்கியமாக இதைப் பிடிக்கத்தான்.

"உங்களுக்குப் பிஆர்கே பொருந்தும்" என்றார். அதில் மூடி கிடையாது. மேல்தோலை மட்டும், சுமார் 50 மைக்ரான், துடைத்து எடுத்துவிட்டுச் செதுக்குவார்கள். தோல் சில நாளில் தானே வளர்ந்துவிடும். லேசிக்கின் மூடி பழைய உறுதியோடு திரும்ப ஒட்டிக்கொள்வதில்லை, பல வருடம் கழித்துக்கூட பலமாக அடிபட்டால் நகரலாம். அப்போது நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் என் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தான். அவன் விரல்களை நினைத்துக்கொண்டேன்.

இங்கே இன்னொரு சொல்லையும் சொல்ல வேண்டும். முதல் இடத்தில் 'பிளேட் இல்லாத லேசிக்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் காதில் விழுந்தது வெட்டே இல்லாத லேசிக் என்று. அது இல்லை. ஃப்ளாப்பைப் பிளேடால் வெட்டாமல் ஃபெம்டோ என்ற வேறொரு லேசரால் வெட்டுகிறார்கள், அவ்வளவுதான். வெட்டு வெட்டுதான். ஸ்மைல் என்ற முறையில் மூடி கிடையாது. உள்ளுக்குள்ளேயே ஃபெம்டோவால் ஒரு மெல்லிய வில்லையை வெட்டி, ஓரத்தில் சின்னக் கீறல் போட்டு அதன் வழியே உருவிவிடுவார்கள். பவர் மிக அதிகமாகவோ கார்னியா மிக மெலிதாகவோ இருந்தால் செதுக்கவே வேண்டாம், ஐசிஎல் என்று கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் விலையும் வேறு, வலியும் வேறு.

சரி, செதுக்கும் அந்த லேசருக்குப் பெயர் எக்ஸைமர். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி. சுட்டுப் பொசுக்காமல் மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, சதையைத் துல்லியமாக இழை இழையாக எடுக்கும். இது உயிருள்ள பொருளில் இப்படி வெட்டும் என்று கண்டுபிடித்த மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, 1981 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுபோய் லேசருக்கு அடியில் வைத்துப் பார்த்தாராம். கரிந்த தடமே இல்லாமல் சுத்தமாக வெட்டியது. பின்னால் அமெரிக்க அதிபர் ஒபாமா கையால் மூவருக்கும் தேசிய விருது கிடைத்தது. இதைச் சொன்னதும் மாமனாருக்கு ஒரே பெருமை. "நம்ம ஆளு கண்டுபிடிச்சதா? அப்ப பயமே இல்ல" என்று சொல்லிவிட்டார்.

மாமியார் அப்படி எளிதில் மசியவில்லை. ஆடி மாதம். டர்பன் முழுக்க மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம். "அம்மன் மாசத்துல கண்ணுல கைய வைக்கலாமா?" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தாளுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டேன் என்று சொன்னபிறகுதான் ஒத்துக்கொண்டார். அவருடைய கவலையில் ஒரு நியாயமும் இருந்தது. கூழ்ப் பூசையில் சாம்பிராணிப் புகை, மஞ்சள் தண்ணீர், திருநீறு எல்லாம் உண்டு. புதிதாகத் தோல் வளரும் கண்ணுக்கு இவை எதுவுமே ஆகாது. கையில் வாங்கி, நெற்றிக்குப் பதில் கழுத்தில் பூசிக்கொண்டேன்.

அப்போது தினமும் மின்வெட்டு. டாக்டரிடம் நான் கேட்ட கேள்விகளில் அவர் சிரித்த ஒரே கேள்வி, "லேசர் ஓடும்போது கரண்ட் போனால்?" என்பது. ஜெனரேட்டரும் யுபிஎஸ்ஸும் இருக்கின்றன, நடுவில் நின்றாலும் எந்த இடத்தில் விட்டது என்று கருவிக்குத் தெரியும் என்றார். வெட்கப்படாமல் கேட்டது நல்லதாகப் போயிற்று.

அறுவை சிகிச்சை ஒன்றுமே இல்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து, இமை மூடாமல் இருக்க ஒரு கிளிப். மேல்தோலை இளக்க ஏதோ திரவத்தை ஊற்றித் துடைத்தார்கள். மினுக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். லேசர் ஓடியது ஒரு நிமிடம்கூட இருக்காது. முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாசம் வரும், பயப்பட வேண்டாம். அப்புறம் தழும்பு மாதிரி மங்கல் விழாமல் இருக்க ஒரு மருந்தை ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரால் கழுவி, கட்டுப் போடுவது போல ஒரு லென்ஸை மேலே வைத்து அனுப்பிவிட்டார்கள்.

கதை வீட்டுக்கு வந்தபிறகுதான். தாளில் 'லேசான அசௌகரியம்' என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை எழுதியவருக்குப் பிஆர்கே செய்திருக்க மாட்டார்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வெங்காயம் உரித்துக்கொண்டே தூங்கப் போவது மாதிரி இருந்தது. வலி மாத்திரையை வலி வந்தபிறகு அல்ல, நேரம் பார்த்துப் போட வேண்டும் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது. ஐந்தாம் நாள் லென்ஸை எடுத்தார்கள். வலி போய்விட்டது. பார்வை வரவில்லை. பனிமூட்டத்துக்குள் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் லேசிக் செய்து மறுநாளே கார் ஓட்டியவள். அவளோடு என்னை ஒப்பிட்டு அழுதேன். இது பிஆர்கேயின் இயல்பு. முதல் வாரம் போனால் ஓரளவு, முழுத் தெளிவுக்கு ஒன்று முதல் மூன்று மாதம். எனக்கு ஒன்பதாவது வாரத்தில் 6/6 வந்தது. ஆறு மீட்டரில் சராசரிக் கண் படிக்கும் வரியை நானும் ஆறு மீட்டரில் படிக்கிறேன் என்று அர்த்தம். 100 சதவீதம் என்று வழக்கமாகக் கண்ணை அளப்பதில்லை.

இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது. அதை ஹாலோ என்கிறார்கள். நான்கைந்து மாதம் இரவில் நெடுஞ்சாலையில் நான் ஓட்டவில்லை, கணவர்தான். கண் வறட்சியும் இருந்தது. கார்னியாவின் நரம்புகளும் சேர்ந்து செதுக்கப்படுவதால் கண்ணுக்குத் தண்ணீர் சுரக்கச் சொல்லும் செய்தி சரியாகப் போவதில்லை. பதப்படுத்தும் மருந்து கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஆறு மாதம் என் மேசையில் இருந்தது. ஸ்டீராய்டு சொட்டை மட்டும் சொன்ன கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும், நாமாக நீட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. அது சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றும். எனக்கும் நான்காவது வாரம் 24-க்குப் போய், மருந்தை மாற்றினார்கள். டர்பன் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி பல மாதம் கட்டாயம்.

பணத்தையும் சொல்கிறேன். இரண்டு கண்ணுக்கும் 40,000 ரேண்டுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் மெடிக்கல் எய்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, இதை அவசியமான சிகிச்சையாக எடுத்துக்கொள்ளவில்லை, அதன் சேமிப்புக் கணக்கில் இருந்த கொஞ்சத்தை மட்டும் தந்தது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலை ஒரு கண்ணுக்கானது. சொட்டு மருந்து, பின்னால் வரும் பரிசோதனைகள், பவர் மிச்சமிருந்தால் திரும்பச் செய்யும் டச்-அப் எல்லாம் அதில் சேருமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரும் வலியச் சொல்லாத ஒன்று உண்டு. லேசர் கார்னியாவை மட்டும்தான் மாற்றும். கிட்டப்பார்வைக்காரர்களின் கண் உருண்டை பொதுவாக நீளமானது, அந்த நீளம் அப்படியேதான் இருக்கும். விழித்திரை கிழியும் வாய்ப்பும் அப்படியேதான். திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, கொசுக்கள் பறப்பது போலவோ, ஓரத்தில் திரை விழுவது போலவோ தெரிந்தால் அன்றே ஓட வேண்டும். மெலிந்த கார்னியாவில் கண்ணழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வயதானபின் புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடப் பழைய அளவுகள் உதவும். அதனால் என் பழைய சீட்டுகள், வரைபடம், தடிமன் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. ஓட்டுநர் உரிமத்தில் கண்ணாடி கட்டாயம் என்ற குறியீடு இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போது அங்கேயே கண் பார்ப்பார்கள்.

அப்புறம் வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டி கண்ணின் உள்லென்ஸ் விறைத்துப்போய்க் கிட்டத்தில் இருப்பது மங்குவது. அது தூரப்பார்வைப் பிழை அல்ல, வயது. கார்னியாவைச் செதுக்கி அதை நிறுத்த முடியாது. எனக்கு அப்போது 38. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன் வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். காண்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். படி இறங்கும்போது தடுமாறியது. வேண்டாம் என்றேன். அதன் விலையை இப்போது கட்டுகிறேன். முன்பென்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோர்ப்பேன். அந்த வசதியை விற்றுத்தான் தூரத்தை வாங்கியிருக்கிறேன். செய்தது சரியா என்று கேட்டால் சரிதான், ஆனால் ஊசியைப் பார்க்கும்போது மட்டும் சின்ன வருத்தம்.

போன வாரம் மாமியாரின் அக்கா போன் செய்தார். டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறார். "எனக்கும் லேசர் பண்ணணுமாம்மா, உனக்குப் பண்ணின அதேதான்" என்றார்.

பேனாவை எடுத்துக்கொண்டேன். "எந்த லேசர் பெரியம்மா? உங்க கையில இருக்கிற தாளில என்ன எழுதியிருக்குன்னு எழுத்தெழுத்தாச் சொல்லுங்க."

"இரு, என் கண்ணாடியைத் தேடணும்."

எதிரில் உட்கார்ந்திருந்த மாமியாரிடம் நானும் கை நீட்டினேன், அவருடைய மூக்குக் கண்ணாடிக்காக.